பழைய பர்மா தேக்கில் ஏர் ரைஃபிளுக்குக் கட்டை

துப்பாக்கியின் எடை குறைந்தால், சுடும்போது அது பின்னால் தள்ளும் உதை கூடும், இது கணக்கு. மலையேறி வேட்டையாடும் வெளிநாட்டுக்காரர்கள் தூக்கிச் சுமக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று 2.7 கிலோ ரைஃபிள் தேடுகிறார்கள். .30-06 என்ற பெரிய வேட்டைத் தோட்டாவை 3.6 கிலோ ரைஃபிளில் சுட்டால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய 30 ஜூல், 2.7 கிலோவில் அதுவே 40 ஜூல். அதை ஓரளவு தாங்க வைப்பது கட்டையின், அதாவது கையில் பிடித்துத் தோளில் அண்டக் கொடுக்கும் மரப்பகுதியின், வடிவம்தான். கன்னம் படும் மேடு நேராக இருந்தால் உதை நேராகத் தோளுக்குப் போகும். மேடு சரிந்திருந்தால் குழல் மேலே எகிறி, கட்டை கன்னத்தில் அடிக்கும். பின்முனை அகலமாக, ரப்பர் பட்டையோடு இருந்தால் அழுத்தம் பரவும்.

1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது நமக்கு வேட்டை கிடையாது, அது நல்லதுதான். நான் சுடுவது காகிதத்தில், 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில். இதன் உதை வேறு மாதிரி. காற்றை அழுத்த ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும். முனையில் அழுந்திய காற்று பிஸ்டனைத் தடுத்ததும் துப்பாக்கி முன்னால் இழுபடும். பெல்லட் என்ற சின்னக் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுவதால், தோள் வலிக்காவிட்டாலும் குறி தப்பும். சாதாரண ரைஃபிளுக்கென்று செய்த ஸ்கோப், அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கி, கூட அந்த முன்னிழுப்பில் பழுதாகிவிடலாம்.

அதனால் எனக்குக் கொஞ்சம் கனமான, கைக்குப் பொருந்தும் கட்டை தேவைப்பட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீட்டு உத்திரத்தில் அறுத்த பர்மா தேக்குத் துண்டு ஒன்று கிடைத்தது. பல வருடம் காய்ந்த மரம், இனி எளிதில் முறுக்காது. ரேகை சுழித்துப் பூ விழுந்த பக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க, ஆசாரி சொன்னார்: "தம்பி, அழகு அப்புறம். புடிக்கிற கழுத்துல ரேகை நீளவாக்குல ஓடுதான்னு மொதல்ல பாருங்க. குறுக்க ஓடுனா அங்கதான் ஒடியும்." கட்டை வேலையில் இதைவிட முக்கியமான பேச்சு இல்லை என்றே நினைக்கிறேன். பெரிய ரைஃபிளுக்கு வால்நட் கட்டை செய்கிறவர்களும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தேக்கில் சிலிக்கா உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசையும் உண்டு. எபாக்ஸி ஒட்டுப்பசை வைப்பதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடைத்தால்தான் பிடிக்கும். விசையிலிருந்து பின்முனை வரை 35 செ.மீ. வைத்தேன், என் கைக்கு அதுதான் சரி. ஸ்கோப்புக்கு ஏற்றபடி கன்ன மேட்டை உயர்த்தினேன். திருகுகள் அதிர்வில் தளர்வதால் அவற்றின் துளைகளில் எஃகுக் குழாய் இறக்கினேன்.

இப்போது எடை 3.4 கிலோ, முன்பைவிட அரைக் கிலோ கூடுதல். முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் கிடத்திச் சுட்டால், 10 மீட்டரில் முன்பு 4 செ.மீ. இருந்த குண்டுகளின் சிதறல் 2 செ.மீ.க்குள் வந்துவிடுகிறது. இறுக்கினால் பழையபடிதான். அடுத்து ஆளி எண்ணெய்ப் பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.