கிட்டிப்புள் அடித்த கண்

12 வயதில் கிட்டிப்புள் பறந்து வந்து இடது கண்ணில் அடித்தது. கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கி, ஒரு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ரத்தம் வடிந்தது, பார்வை திரும்பியது, அம்மா மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினார். வருடம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லி அப்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

43 வயதில் படிக்கும் கண்ணாடிக்காகப் போன இடத்தில் கண் அழுத்தம் பார்த்தார்கள். வலது கண்ணில் 15, இடது கண்ணில் 38. இயல்பு 21-க்குள் இருக்க வேண்டுமாம். வலி என்று எதுவுமே இருந்ததில்லை. சிறு கண்ணாடிகள் பதித்த வில்லையை விழிமேல் வைத்துப் பார்த்த மருத்துவர், "சின்ன வயதில் இந்தக் கண்ணில் அடிபட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலை, அந்த அடியில் கிழிந்து தழும்பேறிக் கிடந்தது. நீர் வடியாமல் அழுத்தம் ஏறும் கிளாக்கோமா என்ற கண் நோய் இது.

மூன்று சொட்டு மருந்து, ஒரு மாத்திரை. மாத்திரையால் விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. சோடா சப்பென்று ஆனது. அழுத்தமோ 28-க்குக் கீழே இறங்கவில்லை.

லேசர் என்றதும், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் செய்ததுபோல் ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். வடிகாலைத் தூண்டிவிடும் அந்த லேசர் அடிபட்ட கண்ணில் அவ்வளவாகப் பலிக்காதாம். "வடிகால் அடைத்திருக்கிறது, குழாயைக் கொஞ்சம் மூடிப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். நீர் சுரக்கும் திசுவில் ஒரு பகுதியைச் சுட்டுவிடும் டயோடு லேசர் அது. கத்தி வைப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது என்று முடிவானது.

நான் பயந்தது லேசருக்கு அல்ல, மரத்துப்போகப் போடும் ஊசிக்கு. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. பேனா போன்ற முனையைக் கருவிழியின் ஓரமாக, வெள்ளைவிழிமேல் இடம் மாற்றி மாற்றி வைத்தார். நடுநடுவே கடுகு பொரிவதுபோல் 'டப்' என்று சத்தம். சத்தம் கேட்டதும் சூட்டைக் குறைக்கச் சொன்னார். முனை வைத்த இடங்களை 18 வரை எண்ணினேன்.

அன்றிரவு பல்வலி இடம் மாறிக் கண்ணுக்கு வந்ததுபோல் ஒரு குடைச்சல். மறுநாள் அழுத்தம் 26. அழுகையே வந்துவிட்டது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், எனக்குத்தான் காதில் ஏறவில்லை. ஆறாவது வாரம் 17 காட்டியது. மாத்திரை நின்றது, சொட்டு மருந்தில் இரண்டு தொடர்கின்றன.

"லேசர் வைத்தாயே, இப்போது நன்றாகத் தெரிகிறதா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வலது கண்ணை மூடினால், மூக்குப் பக்கமாக உட்கார்ந்திருப்பவர் இன்றும் எனக்குத் தெரிவதில்லை. அழுத்தம் தின்ற பார்வை, போனது போனதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்கிறேன். ஏறினால் மறுபடியும் சுட வேண்டியிருக்கலாம்.