வெல், கொள், அடக்கு: குரூப் 4 தமிழுக்கு நான் படித்த விதம்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ்தான். வேர்ச்சொல், பிறவினை, சொற்பொருள் என்றாலே பலரும் பட்டியலை எடுத்து வைத்து உருப்போடுவார்கள். எனக்கு அது மண்டையில் ஏறாது. சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டேன். வேலூர்க்காரர்களுக்கு வெற்றி, அடக்கம் சார்ந்த குடும்பம் ரொம்ப வசதி, பாதி உதாரணம் பக்கத்திலேயே கிடைக்கும்.

'வெல்' சுலபம். வென்றான், வென்று, வென்றவன், வெல்லல். வெற்றியும் வென்றியும் அதிலிருந்து வந்தவைதான். 'கொள்'தான் சுவாரசியம். கல்வெட்டில் அதற்குக் கைப்பற்றுதல் என்று பொருள்: மதுரை கொண்ட பராந்தகன், கங்கை கொண்ட ராஜேந்திரன். 949-ல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் சோழர்களைத் தோற்கடித்த ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், நம் வடாற்காட்டுக் கல்வெட்டுகளில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன். அந்தப் போரில் யானை மேலேயே இறந்த சோழ இளவரசன் ராஜாதித்தனோ 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்று நல்ல சொல்லால் சொல்வது மங்கலம், அதாவது நேராகச் சொல்லாமல் தகுந்த வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கில் ஒன்று. ஒரே போரில் இரண்டு கேள்விக்கு விடை! 'கொல்'லோடு மட்டும் குழப்பாதீர்கள்: கொள் என்றால் கொண்டான், கொல் என்றால் கொன்றான்.

அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை; ங் போய் க் வந்தால் வேலை அடுத்தவர் மேல் பாய்கிறது. மதுரைப் பக்கம் காளையை அடக்குகிறார்கள். நம்மூர் எருது விடும் விழாவில் யாரும் அடக்குவதில்லை, வேகமாக ஓடும் காளைதான் ஜெயிக்கும். நம்மாட்களுக்கு இந்த உதாரணம் மறக்கவே மறக்காது.

அப்புறம் 'சிறை'. தொரப்பாடி ஜெயிலோடு நின்றுவிடாதீர்கள். இறகு, அணை, அரண் என்றும் பொருள் உண்டு. "செருவந்த போழ்தில் சிறைசெய்யா வேந்தன்" என்ற 569-ஆம் குறளில் சிறை என்றால் அரண். போருக்கு முன்பே கோட்டையைப் பலப்படுத்தாத அரசனைச் சொல்கிறது. வேலூர்க் கோட்டை இந்த இரண்டு பொருளிலும் சிறைதான். சுற்றிலும் அகழி உள்ள அரண். 1799-க்குப் பிறகு திப்பு குடும்பத்தையும், பின்னர் கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனையும் வைத்திருந்த காவலும் அதுவே.

கட்டு, தடு இரண்டையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். 'தளை'யை மட்டும் யாப்போடு சேர்த்துப் படியுங்கள்; செய்யுளில் அடுத்தடுத்த சீர்களைப் பிணைப்பதும் தளைதான், வெண்பாவுக்கு உரியது வெண்டளை. விலங்கு என்ற பொருளை மட்டும் தெரிந்துகொண்டு போனால் வெண்டளைக் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.