ஏசி காஸ் விலையும் அதற்குப் பின்னால் இருக்கும் சேதன இரசாயனமும்

கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் ஏசி வேலை செய்யும் எந்தக் கராஜிலும் கேட்டுப் பாருங்கள், புது மொடல் ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்குக் காஸ் விலைதான் பெரிய தலையிடி. "அண்ணா, பழைய காஸையே அடிச்சு விட ஏலாதா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பழையது என்றால் ஆர்-134ஏ. புதியது 1234வைஎஃப், அதைவிடப் பல மடங்கு விலை. பேட்டன்டும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மூலக்கூறை எந்த மூலப்பொருளிலிருந்து செய்யத் தொடங்குகிறோம் என்பதிலேயே விலையில் கணிசமான பங்கு தீர்மானமாகிவிடுகிறது. இரசாயனம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

முதலில், ஏன் இந்தக் காஸ்? 134ஏ வளிமண்டலத்தில் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் கிடக்கும். புவி வெப்பமாக்கலில் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு. 1234வைஎஃப்பில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, அதாவது அது புளோரீன் ஏறிய அற்கீன். காற்றிலுள்ள ஐதரொட்சில் மூலிகங்கள் அந்த இரட்டைப் பிணைப்பைத் தேடி வந்து தாக்குவதால் பதினொரு நாள் அளவில் சிதைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதுக் கார்களில் 134ஏயை நிறுத்திவிட்டது. புவியைச் சூடாக்கும் குளிரூட்டிக் காஸ்களைக் குறைப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான கிகாலி திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றுக்கொண்டது, எங்களுக்குத் தரப்பட்ட அட்டவணைப்படி 2045க்குள் 134ஏ போன்ற காஸ்களின் பாவனையை 80 வீதம் குறைக்க வேண்டும். ஆகவே விலை குறையுமா என்பது எங்கள் கேள்வியும்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரு வழி அறுபுளோரோபுரொப்பீனிலிருந்து தொடங்குகிறது. மூன்று காபன், ஆறு புளோரீன். ஐதரசன் ஏற்றி, ஒரு ஐதரசன் புளோரைட்டைக் கழற்றி, மறுபடி ஐதரசன் ஏற்றி, மறுபடி ஒன்றைக் கழற்றினால் நான்கு புளோரீனோடு 1234வைஎஃப் கிடைக்கும். தாளில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த அறுபுளோரோபுரொப்பீன் எங்கிருந்து வருகிறது? குளோரோபோமில் புளோரீன் ஏற்றி ஆர்-22 என்ற இன்னொரு பழைய ஏசி காஸைச் செய்து, அதை 600 பாகைக்கு மேல் சூடாக்கி நாற்புளோரோஎத்திலீன் ஆக்கி, அதையும் மறுபடி சூடாக்கித்தான். இத்தனை பாடுபட்டு ஏற்றிய புளோரீனில் மூன்றில் ஒன்றைக் கடைசியில் கழற்றுவது, முழுக்கைச் சட்டை தைத்துவிட்டுக் கையை வெட்டி எறிகிற வேலை. வெட்டிய துண்டை மீட்டெடுக்கலாம், ஆனால் தையல் கூலி போனது போனதுதான்.

மற்ற வழி எனக்குப் பிடித்தது. அது காபன் நாற்குளோரைட்டும் எத்திலீனும். ஓசோன் படையைக் கெடுத்ததற்காக மொன்றியல் உடன்படிக்கை கட்டுப்படுத்திய அதே காபன் நாற்குளோரைட்டுத்தான், ஆனால் வேறொரு பொருளாக மாற்றும் மூலப்பொருளாகப் பாவிக்க அனுமதி உண்டு. குளோரோமெதேன் ஆலைகளில் அது வேண்டாமலேயே உப பொருளாக உருவாகிறது. எரித்து அழிக்க வேண்டிய ஒன்றை, இரும்புத் தூளும் ஒரு பொசுபேற்று எசுத்தரும் ஊக்கியாக வைத்து எத்திலீனோடு சேர்த்தால் 1,1,1,3-நாற்குளோரோபுரொப்பேன். இன்னும் குளோரீனேற்றி, ஐதரசன் குளோரைட்டை நீக்கினால் 1,1,2,3-நாற்குளோரோபுரொப்பீன். மூன்று காபன் எலும்புக்கூடு மலிவாகத் தயார், புளோரீன் அதற்குப் பிறகுதான்.

கணக்கைப் பாருங்கள். அந்த நாற்குளோரோபுரொப்பீன் 180 கிலோவும், புளோரீனைத் தரும் ஐதரசன் புளோரைட்டு 80 கிலோவும் போட்டால், கொள்கையளவில் 114 கிலோ 1234வைஎஃப் வரும், கூடவே 146 கிலோ ஐதரசன் குளோரைட்டு, அதாவது நீரில் கரைத்தால் ஐதரோகுளோரிக்கமிலம். விற்கும் பொருளைவிட அமிலம் அதிகம்! அந்த அமிலத்தை வாங்கவோ பாவிக்கவோ பக்கத்தில் ஆலை இல்லாவிட்டால் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகும். அப்புறம் இடையில் வரும் இரண்டு பொருட்கள், 1233எக்ஸ்எஃப், 244பிபி என்று சொல்வார்கள், ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் கொதிப்பவை, காய்ச்சி வடித்துப் பிரிப்பது பெரும் பாடு. அதனால் மாறாமல் மிஞ்சிய 1233எக்ஸ்எஃப்பும் சேர்ந்தே அடுத்த உலைக்குள் போய், பிறகு திரும்பச் சுற்றி வரும். அந்திமனி ஐங்குளோரைட்டு ஊக்கியும் ஐதரசன் புளோரைட்டும் சேர்ந்தால் உலோகத்தையே தின்னும், புளோரோபொலிமர் பூசிய உலை வேண்டும். பேராசிரியர்கள் பலகையில் எழுதும் அம்புக்குறிக்குள் இவ்வளவும் இருக்கிறது, எனக்கு இந்தத் துறையில் மனம் ஒட்டியதே இந்த இடத்தில்தான்.

ஐதரசன் புளோரைட்டும் வானத்திலிருந்து விழுவதில்லை. கல்சியம் புளோரைட்டுக் கனிமத்தைச் சல்பூரிக்கமிலத்தோடு சூடாக்கி எடுக்கிறார்கள், கனிமத்தில் பெரும் பங்கு சீனாவில். ஆனால் பொசுபேற்றுப் பாறையிலும் புளோரீன் உண்டு. அமிலம் ஊற்றி உரம் செய்யும்போது வெளியேறும் அந்தப் புளோரீனைப் பிடித்து ஐதரசன் புளோரைட்டு செய்யும் ஆலைகள் சீனாவில் ஏற்கெனவே ஓடுகின்றன. அநுராதபுர மாவட்டத்திலுள்ள எங்கள் எப்பாவல பொசுபேற்றுப் பாறையிலும் புளோரீன் இருக்கிறது, அது பெரும்பாலும் அரைத்துத் தேயிலைக்கும் தென்னைக்கும் போகிறது. நாளைக்கே ஆலை கட்டலாம் என்று சொல்லவில்லை. எப்பாவலவைப் பற்றிப் பேசும்போது பொசுபரசோடு புளோரீனையும் ஒரு வளமாகக் கணக்கெடுங்கள் என்கிறேன்.

ஒரு விஷயம் உண்மையாகவே என்னை உறுத்துகிறது. 1234வைஎஃப் காற்றில் சிதைந்தால் அநேகமாக முழுவதும் முப்புளோரோஅசற்றிக்கமிலமாகி மழையோடு இறங்கும், அது எளிதில் அழியாது. மலிவாகி எல்லாரும் பாவித்தால் அதுவும் கூடும். அதே காபன் நாற்குளோரைட்டை வைனைல் குளோரைட்டோடு சேர்த்துத் தொடங்கினால் 1234இசட்இ என்ற இன்னொரு குளிரூட்டிக் காஸைச் செய்யலாம், அது தரும் அந்த அமிலம் மிகக் குறைவு. 1234வைஎஃப்பைவிடக் கொதிநிலை கூட, சுமார் -19 பாகை, என்பதால் காருக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்களுக்குப் பொருந்தும். காலிமுகத்திடலைச் சுற்றி எழும்பும் கோபுரங்களுக்குச் சில்லர் தெரிவு செய்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.