திம்பத்துக்கு எந்த கியர்?

தாளவாடித் தோட்டத்துக்கு எரு ஏற்றிக்கொண்டு திம்பம் ஏறினால், 27 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் இடது முழங்கால் கெஞ்சும். போன மாதம் முன்னால் போன கரும்பு லாரி வளைவில் நின்றுவிட்டது. அரை கிளட்ச்சிலேயே சமாளித்ததில் பிளேட் கருகி, வீடு வரைக்கும் அந்தத் தீய்ந்த வாசம். அடுத்த டீசல் பிக்கப் ஆட்டோமேட்டிக்தான், முடிவு பண்ணிவிட்டேன்.

"மலைக்கு அது ஆகாது மாப்ள" என்கிறார் மாமா.

கோபி மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சுக்குப் பதிலா இருக்குற டார்க் கன்வெர்ட்டரில் ஆயில்தானுங்க இழுவையைக் கடத்துது. நின்னு கிளம்புறப்ப தேய பிளேட் இல்லை. ஆனா சுமையோட ஊர்ந்தா ஆயில் சூடேறும்" என்றவர், ஒரு வண்டியில் வடித்த ஆயிலை விரலில் தொட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது, டிகாஷன் மாதிரி இருந்தது. ஆயில் கூலர் பெரிதாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார்.

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் அதே 2.8 லிட்டர் எஞ்சின், இழுவை (டார்க்) மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. ஆசைதான், விலை இடிக்கிறது. இசுசு வி-கிராஸ் 360தான், ஆனாலும் கைக்கு எட்டும்.

ஓட்டிப் பார்க்க அவிநாசி ரோட்டில் ஒரு ரவுண்டு போதும் என்கிறார்கள் ஷோரூமில். திம்பம் வரை தருவீங்களா என்று கேட்டிருக்கிறேனுங்க.