கேம்ப் தீயில் சீஸ் ஃபாண்ட்யூ: 4 பேருக்கு

ஃபாண்ட்யூ என்றால் உருக்கிய சீஸில் ரொட்டித் துண்டுகளைக் குச்சியில் குத்தித் தொட்டுச் சாப்பிடுவது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பக்கத்து முறை இது. குரூயேர் சீஸ் 400 கிராம், வஷ்ரான் சீஸ் 400 கிராம், சரிபாதி. வஷ்ரான் கிடைக்காவிட்டால் நன்றாக உருகும் வேறு சீஸ் போடலாம். பீட்சாவுக்கு வாங்கும் மொசரெல்லா மட்டும் வேண்டாம், நூலாக இழுக்கும்.

வீட்டிலேயே துருவி, 4 டீஸ்பூன் சோளமாவில் பிரட்டிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். காட்டில் உட்கார்ந்து துருவுவது வேண்டாத வேலை. பீங்கான் சட்டி நேரடித் தீயில் விரிசல் விடும், கனமான இரும்புச் சட்டிதான் சரி.

கொழுந்து எரியும்போது ஏற்றாதீர்கள். விறகு கங்காகி மேலே சாம்பல் பூக்கட்டும். சட்டியில் பூண்டைத் தேய்த்து, 350 மி.லி. புளிப்பான வெள்ளை ஒயின் ஊற்றி, ஆவி வந்ததும் சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு எட்டு வடிவில் கிளறுங்கள். கொதித்தால் கெட்டது: புரதம் இறுகி, எண்ணெய் தனியே பிரியும். பிரிந்துவிட்டால் கங்கிலிருந்து இறக்கி, ஒரு டீஸ்பூன் சோளமாவை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து ஊற்றி வேகமாக அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். சீஸ் கட்டியாகாமல் காப்பது அந்தப் புளிப்புதான். ஒயின் வேண்டாம் என்பவர்கள் தண்ணீரோடு இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம்.

மிளகு, துளி ஜாதிக்காய். உப்பு வேண்டாம், சீஸிலேயே இருக்கிறது.

ரொட்டி முந்தின நாளையதாக இருக்கட்டும். ஒவ்வொரு துண்டிலும் மேலோடு கொஞ்சம் இருந்தால்தான் குச்சியில் நிற்கும். தொடுகிறவர் அடிவரை கிளறி எடுக்க வேண்டும், இல்லையென்றால் தீய்ந்துவிடும். கடைசியில் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் தகடுக்கு அங்கே ‘கன்னியாஸ்திரி’ என்று பெயர். சுரண்டிச் சமமாகப் பிரித்துவிடுங்கள், சண்டை வரும்!