தீப்பெட்டியில் வந்த காட்டுப் புகையிலை

போன தையில் சித்தப்பா ஒரு தீப்பெட்டியை நீட்டி, "தண்ணியே இல்லாத கரட்டுல மஞ்சமஞ்சேள்னு பூத்து நிக்குது கண்ணு, அதோட விதை" என்றார். திறந்தால் மூக்குப்பொடி கொட்டிக் கிடப்பது போல இருந்தது. ஒரு விதை அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

காட்டுப் புகையிலைதான், ஆனால் ஏற்காட்டுப் பக்கம் அந்தப் பெயரில் சொல்கிற வெள்ளைப் பூச்செடி லோபீலியா, அது வேறு குடும்பம். இது நிக்கோட்டியானா கிளாக்கா, தென் அமெரிக்காவிலிருந்து வந்து வறண்ட இடங்களில் பரவியது, கத்திரிக்கும் தக்காளிக்கும் பங்காளி.

அதனால் கத்திரி நாற்று மாதிரியே விட்டேன். மேலே அரை விரல் மண் போட்டு, பூவாளியில் தண்ணீர் ஊற்றி, மூன்று வாரம் காத்திருந்தும் ஒன்றுமில்லை. முளைக்க வெளிச்சம் வேண்டும், மண் மூடவே கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை, எள் விதைக்கிறவர்கள் போல ஒரு பிடி மணலில் கலந்து தூவி, தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்துவிட்டேன். ஈரம் அடியிலிருந்து ஏறும், விதை அசையாது. பத்தாம் நாள் பச்சைப் புள்ளிகள். கண்ணாடி போட்டுக் குனிந்தால்தான் இரண்டிரண்டு இலை என்று தெரியும்.

சரி, பிழைத்துவிட்டது என்று தினமும் தண்ணீர் காட்டினேன் பாருங்கள், தண்டு அடியில் கருத்து நூலாக இற்று ஒரே வாரத்தில் பாதி சாய்ந்தது. மிஞ்சியது பதினொன்று. நாலு இலை விட்டதும் செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து பைகளில் மாற்றினேன்.

சித்திரையில் எங்கள் அஸ்தம்பட்டி மொட்டை மாடியில் துளசிகூடத் தலை தொங்கியது, இதற்கு வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் போதுமாக இருந்தது. இலை எருக்கிலை போலச் சாம்பல் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் மெழுகு விலகி அடியில் பச்சை தெரியும். அந்த மெழுகுதான் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

ஆனால் விஷச்செடி. நிக்கோட்டினுக்கு நெருங்கிய சொந்தமான அனபேசின் இதில் இருக்கிறது, வெளிநாட்டில் கீரை என்று சமைத்துச் சாப்பிட்டுச் செத்தவர்கள் உண்டு. அம்மாவின் முளைக்கீரைத் தொட்டிகளை விட்டு மாடியின் மறு மூலைக்கு நகர்த்திவிட்டேன். இப்போது பூக்கிறது, தேன்சிட்டு வருகிறது. காய் வெடித்தால் தெருவெல்லாம் முளைத்துவிடும் என்று முன்னாலேயே கிள்ளிவிடுகிறேன்.

சித்தப்பா ஒரு தொட்டி கேட்டார், தரவில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுகிற மனுஷர், ஒரு இலையைக் கிள்ளிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.