அம்மாவோட ஈரல்ல ஹைடாடிட் கட்டி: நாங்க பட்ட அலைச்சல்

ஆபரேஷன் முடிஞ்சு அம்மா நல்லா இருக்காங்க, அதை முதல்ல சொல்லிடறேன். ஹைடாடிட்னா நாய்க்கிட்ட இருந்து வர்ற ஒரு நாடாப்புழுவால உடம்புக்குள்ள வளர்ற நீர்க்கட்டி. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆடு, நாயோட புழங்குற எல்லாருக்கும் இது தெரியணும்னுதான் எழுதறேன்.

வலது விலாவுக்குக் கீழ பாரமா இருக்குன்னு அம்மா ரொம்ப நாளா சொன்னாங்க, போன இடத்துலல்லாம் கேஸ் மாத்திரைதான் குடுத்தாங்க. கடைசில ஸ்கேன் எடுத்தா ஈரல்ல கட்டி. "சாதாரண நீர்க்கட்டிதான், ஊசி போட்டு உறிஞ்சிடலாம்"னு ஈஸியா சொல்லிட்டாங்க. நல்லவேளை வேற ஒரு டாக்டரம்மா ஃபிலிமைத் தூக்கிப் பிடிச்சு, பெரிய கட்டிக்குள்ள சின்னச் சின்னதா கட்டிங்க இருக்கறத விரலால காட்டிட்டு, "வீட்ல நாய் இருக்கா? பக்கத்துல கிடை போடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. ரெண்டும் உண்டு. அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரத்துல இருந்து ஆடு மேய்க்கற கீதாரிங்க செம்மறிய ஓட்டிட்டு வந்து எங்க வயல்ல கிடை போடுவாங்க. செத்த ஆட்டையோ, கறிக்கடைல கழிச்சுப் போட்ட ஈரல், நுரையீரலையோ நாய் பச்சையா தின்னா, அதுல கட்டி இருந்துச்சுன்னா நாய் குடல்ல குட்டி நாடாப்புழு வளரும், முட்டை நாய்க் கழிவுல வந்து மண்ணு, கீரை, கை வழியா நம்ம வாய்க்குள்ள போயிடும். கட்டி வருஷக்கணக்குல மெதுவா வளரும்.

தயவுசெஞ்சு இதை ஞாபகம் வச்சுக்கோங்க: ஈரல்ல நீர்க்கட்டின்னு சொன்னா ஊசி குத்த விடறதுக்கு முன்னாடி "இது ஹைடாடிட்டா இருக்குமா"ன்னு கேளுங்க. கண்டபடி குத்தி தண்ணி கசிஞ்சா உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம், வயித்துக்குள்ள பரவி புதுக்கட்டியும் வரலாம். ஊசி வைத்தியமும் இருக்கு, ஆனா அது பாதுகாப்புக்குப் புழுவைக் கொல்ற மாத்திரையும் குடுத்து, தெரிஞ்ச டாக்டர் செய்யணும்.

அடுத்தது முதலமைச்சர் காப்பீடு. வருஷத்துக்கு 1,20,000க்குள்ள வருமானம்னு சர்டிஃபிகேட் வாங்கறது சுலபமா முடிஞ்சுது. ஆனா ரேஷன் கார்டுல 'லட்சுமி', ஆதார்ல 'லெட்சுமி'. கவுன்டர்ல இருந்தவரு தலையே நிமிரல, "பேரு மேட்ச் ஆகல, மாத்திட்டு வாங்க"ன்னாரு. எதுல மாத்தறது, எங்க போறதுன்னு கேட்டா பதிலே இல்ல, அடுத்த ஆளைக் கூப்பிடறாரு, வலியோட ஒரு மனுஷி பெஞ்சுல சாஞ்சு கிடக்கறது அவரு கண்ணுல படவே இல்ல. இ-சேவைக்குப் போனா சர்வர் இல்ல. பிறகு ரேஷன் கார்டைத் திருத்திட்டு வந்து நின்னா, ரிப்போர்ட் பேப்பர் பத்தாது, சிடி ஸ்கேனோட ஃபிலிமும் வேணுமாம், மறுபடி பஸ்ஸு. அதனால அட்மிஷனுக்கு முன்னாடியே எல்லாத்துலயும் பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாத்துருங்க, ஃபிலிமையும் பையிலயே வச்சுக்கோங்க.

ஆபரேஷன் ஒழுங்கா நடந்துச்சு, சர்ஜனுக்குக் கோடி புண்ணியம்.

அப்புறம் மருந்துக்கடைல ஒரு கூத்து. அல்பெண்டசோல் 400, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, மாசக்கணக்குல போடணும்னு சீட்டுல தெளிவா இருக்கு. கடைக்காரரோ ஒரே ஒரு மாத்திரையக் கிழிச்சுக் குடுத்து "பூச்சி மாத்திரைதானேம்மா, ஒண்ணு போதும்"கறாரு! சண்டை போட்டுத்தான் வாங்கினேன். வெறும் வயித்துல வேணாம், எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோட போட்டாதான் உடம்புல சேரும்னு டாக்டர் சொன்னாங்க. நடுநடுவுல ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும், அதை விட்டுடாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடணும்.

இதெல்லாத்தவிட எனக்கு வலிச்சது, ஒட்டிக்கும்னு பயந்து சொந்தக்காரங்களே அம்மா கையால காப்பி வாங்கிக் குடிக்கல. இது ஆளுக்கு ஆள் ஒட்டாது. ஆட்டுக்கறி சாப்பிட்டதால வந்துச்சுன்னு சொல்றதும் தப்பு, நாய்க் கழிவுல வர்ற முட்டைதான் காரணம்.

எங்க நாயை விரட்டல. கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போனோம், நாடாப்புழுவைக் கொல்ற பிராசிகுவான்டல் மருந்து சேர்ந்த மாத்திரையாத்தான் இருக்கணுமாம், வருஷத்துக்கு நாலு தடவையாவது குடுக்கணும். கறிக்கடைக்காரர்கிட்டயும் பேசிட்டேன், கட்டி இருக்குற ஈரலை இனிமே நாய்க்கு வீசாம ஆழமா புதைக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. காப்பீட்டுல பேரு பிரச்சனை யாருக்காவது இருந்தா கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்.